எழுந்து ஓட முடியாதவர் வீட்டில் நாய்க்குட்டி: தெருவா, பேப்பரா, புல் தட்டா?

எனக்கு இடது காலில் போலியோ. காலிப்பருக்குள் (காலைத் தாங்கும் சட்டம்) காலை நுழைத்து, நாலு பட்டையையும் இறுக்கி, முட்டிப் பூட்டைத் தட்டிவிட்டு, ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நிற்க நாலு நிமிஷம் ஆகும். எட்டு வாரக் குட்டி தரையை மோந்து, ஒரு சுற்றுச் சுற்றி, குந்தி, ஒன்றுக்குப் போய்விட்டு நகர இருபது விநாடி போதும்.

மிளகு என் வீட்டுக்கு வந்த முதல் மாதம் முழுக்க இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் கழிந்தது. கறுப்பு நாட்டுக்குட்டி, பெண், மார்பில் மட்டும் ஒரு கைக்குட்டை அளவு வெள்ளை. வீடு சென்னையில் இரண்டாவது மாடி ஃப்ளாட். லிஃப்ட் உண்டு. நான் தனியாக இருக்கிறேன். காலையில் இரண்டு மணி நேரம் வீட்டு வேலைக்கு ஒருவர் வருவார், அவ்வளவுதான் துணை. நாய் வளர்ப்பு பற்றி யாரிடம் கேட்டாலும் "குட்டி குந்தினவுடனே தூக்கிட்டு வெளிய ஓடுங்க" என்றுதான் தொடங்கினார்கள். ஓட முடிந்தவர்களுக்கு அது நல்ல யோசனை. மூட்டுத் தேய்ந்தவர்கள், வாக்கரோடு நடப்பவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை பலமில்லாதவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் ஆகியோருக்கு எது ஒத்துவரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் செய்து பார்த்தவற்றையும், செய்யாமல் விட்டவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் குட்டியின் கணக்கைப் பார்த்துவிடுவோம். மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை வருகிறதோ, அத்தனை மணி நேரம் ஒரு குட்டி அதிகபட்சமாக அடக்கும் என்பது நாய் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவும் தூங்கும்போதுதான். விழித்து ஓடியாடும் நேரத்தில் ஒரு மணிக்கு ஒரு தடவை, சில சமயம் அதற்கும் முன்னாலேயே வந்துவிடும். தூங்கி எழுந்தவுடன் ஒன்று, சாப்பிட்ட ஐந்து முதல் முப்பது நிமிஷத்துக்குள் ஒன்று, விளையாடி முடித்ததும் ஒன்று. எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. அடக்குகிற தசைக்கே பலம் வருவதற்குப் பன்னிரண்டு, பதினாறு வாரம் ஆகும் என்பதால், அதற்கு முன்னால் நடப்பதையெல்லாம் குட்டியின் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வதில் நியாயமே இல்லை.

தெருவுக்குக் கூட்டிப்போவது

எல்லோரும் சொல்வது இதைத்தான். நானும் முதல் பத்து நாள் இதைத்தான் செய்தேன். நல்லதைச் சொல்லிவிடுகிறேன்: மண்ணில் போகப் பழகிய நாய்க்குப் பிறகு எதையும் மாற்றிப் பழக்க வேண்டியதில்லை, செலவு கிடையாது, வீட்டில் வாடை கிடையாது.

ஆனால் எனக்கு ஒரு தடவை கீழே போய்வரக் கால் மணி நேரம். பத்துத் தடவைக்கு இரண்டரை மணி நேரம், அத்தனையும் நின்றபடி. ஐந்தாவது நாள் அக்குளில் ஊன்றுகோல் பட்ட இடம் தோல் உரிந்துவிட்டது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், குட்டியின் உடம்புக்கே அது ஆபத்து என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் பயந்தேன். குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் நிழலான ஈர மண்ணில் மாதக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடப்படுகிறது. அது முடியும்வரை தெரு நாய்கள் போகிற இடத்தில் குட்டியை இறக்கிவிடக் கூடாது. போதாததற்கு உண்ணி. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்து வரும் லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் வேறு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னைத் தெருவில் ஊன்றுகோலோடு இரவு இரண்டு மணிக்கு இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

பதினோராவது நாள் லிஃப்டுக்குள்ளேயே மிளகு ஒன்றுக்குப் போய்விட்டாள். அந்த ஈரத்தில் ஊன்றுகோலின் அடி ரப்பர் வழுக்கி, நான் சுவரில் சாய்ந்து தப்பித்தேன். கீழே நின்ற வாட்ச்மேன் ஓடிவந்து, "மேடம், நீங்க எறங்கறதுக்குள்ள அதுக்குத் தாங்கல, பாவம்" என்றார். குட்டியைத்தான் பாவம் என்றார். உண்மையும் அதுதான், அவளால் முடியாத ஒன்றை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

லிஃப்ட் என்றதும் ஒன்று. நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடுத்தால் பயந்துவிடாதீர்கள். அப்படித் தடைபோடக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. அதே வழிகாட்டுதல் நாம் சுத்தம் செய்ய வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. படி இறங்க முடியாதவருக்கு லிஃப்டுதான் வாசல், அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பேப்பரும் ட்ரெயினிங் பேடும்

பழைய நாளிதழை விரித்துப் போடுவது நம் வீடுகளில் எப்போதும் உண்டு. கடையில் விற்கும் ட்ரெயினிங் பேட் அதன் கொஞ்சம் வசதியான வடிவம், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். முதல் நாளே தொடங்கலாம், கட்டிலுக்குப் பக்கத்திலேயே போடலாம். படுக்கையோடு இருப்பவருக்கும், அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் குனியக் கூடாது என்று சொல்லப்பட்டவருக்கும் தற்காலிகமாக இதைவிட எளிது எதுவும் இல்லை.

எனக்கு இது ஒத்துவராததற்குக் காரணம் மூன்று. பேடின் ஓரம் சுருண்டு எழும்பும், ஊன்றுகோல் அதில் மாட்டும். ஒவ்வொன்றையும் குனிந்து எடுக்க வேண்டும். நாளைக்கு எட்டு என்றால் மாதம் இருநூற்று நாற்பது தடவை குனிவது. மூன்றாவதுதான் முக்கியம். நாய்க்கு இடத்தைவிடக் காலுக்கு அடியில் என்ன தட்டுப்படுகிறது என்பது மனதில் பதியும். எட்டு, ஒன்பது வாரத்தில் எதன்மேல் போகப் பழகுகிறதோ, அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். மெத்தென்ற துணிபோன்ற பேடில் பழகிய குட்டிக்கு மிதியடியும் பாயும் மடித்துவைத்த போர்வையும் அதே மாதிரிதான். மிளகு ஒரு வாரம் பேடில் போனாள், அந்த வாரத்திலேயே குளியலறை மிதியடியிலும் போனாள். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அவள் சரியாகத்தான் செய்தாள்.

பேட்தான் முடியும் என்றால், அதைப் பிடித்துவைக்கும் சட்டத்தோடு வாங்குங்கள், வீட்டில் உள்ள மிதியடிகளை நாலு மாதம் எடுத்துவிடுங்கள், குனியாமல் எடுக்க நீளமான இடுக்கி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பால்கனியில் புல் தட்டு

நான் கடைசியில் நின்றது இதில்தான். ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் வைக்கும் பால்கனி இருக்கிறதல்லவா, அங்கே குழாய் இருக்கும், தண்ணீர் போக ஜாலியும் இருக்கும். தகர வேலை செய்யும் பட்டறையில் இரண்டடிக்கு மூன்றடி ஜி.ஐ. ஷீட்டில் ஒரு தட்டு அடித்து வாங்கினேன். விளிம்பு இரண்டு அங்குலம். கூர் இல்லாமல் மடித்துத் தரச் சொன்னேன். ஒரு மூலையில் ஓட்டை. அந்த மூலையை ஜாலிக்கு மேல் வைத்து, எதிர் மூலைக்கு அடியில் அரைச் செங்கல். தட்டில் புல். மெஷின் குழாயில் ஒரு ஹோஸ் மாட்டிவிட்டால் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கழுவிவிடலாம். குனிய வேண்டியதில்லை. ஈரம் தட்டுக்குள்ளேயே நிற்கும், தரைக்கு வராது. நான் வழுக்கி விழுந்துவிடுவேனோ என்ற பயம் அன்றோடு போனது.

புல் உண்மையானதா, செயற்கையா? நர்சரிகளில் மெக்சிகன் புல், கொரியன் புல் எல்லாம் மண்ணோடு சதுர அடிக் கணக்கில் பாய் மாதிரி தருகிறார்கள். குட்டி அதன்மேல் ஏறியவுடனே மோந்து பார்க்கத் தொடங்கும், சொல்லிக்கொடுக்கிற வேலை பாதி குறைந்துவிடும். ஆனால் சிறுநீர் பட்டுப்பட்டு சில வாரத்தில் மஞ்சளாகிக் கருகிவிடும், ஈர மண்ணோடு தூக்கி மாற்றுவது கனமான வேலை. செயற்கைப் புல் கழுவக் கழுவ நிற்கும். தினமும் கழுவாவிட்டால் நம் ஊர் வெயிலில் வாடை தாங்காது, நேர் வெயில் படும் பால்கனியில் மே மாதம் குட்டியின் பாதம் சுடும். நான் முதல் மாதம் உண்மையான புல்லை வைத்தேன், பிறகு அதிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணைச் செயற்கைப் புல்லில் தேய்த்துவிட்டு மாற்றினேன். அந்த வாசனை போதுமானதாக இருந்தது. பேடைவிட இதில் உள்ள பெரிய லாபம், காலுக்குப் புல் பழகிவிடுவதுதான். நாலு மாதம் கழித்துத் தடுப்பூசி முடிந்து கீழே அழைத்துப்போன முதல் நாளே, மரத்தடிப் புல்லைப் பார்த்ததும் மிளகு தானாகக் குந்திவிட்டாள்.

தட்டு வைப்பதற்கு முன் பிளம்பரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: இந்த ஜாலியின் குழாய் எங்கே போகிறது? மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். முன்பக்கத் திறந்த பால்கனியின் குழாய் பல கட்டடங்களில் மழைநீர்த் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகும். நாயின் சிறுநீரைக் கட்டடமே குடிக்கும் தண்ணீரில் கலந்துவிடக் கூடாது. வாஷிங் மெஷின் பக்கத்துக் குழாய் பெரும்பாலும் சாக்கடையோடு சேரும். அதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கீழ்வீட்டுக்கார அம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் வந்து தட்டைப் பார்த்துவிட்டுப் போனார், பிறகு ஒரு பேச்சும் இல்லை. மலத்தை மட்டும் கழுவித் தள்ளாமல் நீளக் கைப்பிடி வாரியால் எடுத்துக் கழிப்பறையில் போட்டுவிட வேண்டும். குட்டிகளின் வயிற்றில் உருண்டைப்புழு சாதாரணம், அது மனிதருக்கும் வரும். குடற்புழு மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆண் குட்டி என்றால் ஆறு மாதத்துக்கு மேல் காலைத் தூக்கத் தொடங்கும், இரண்டங்குல விளிம்பு போதாது. தட்டின் நடுவில் தண்ணீர் நிரப்பிய பெரிய பாட்டில் ஒன்றை நிறுத்திவைத்தால் அதைக் குறி வைக்கும் என்று ஆண் நாய் வளர்க்கும் நண்பர் செய்து காட்டினார்.

தனி வீட்டில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இதே யோசனை வாசல் பக்கம் வரும். படிக்கு அருகில் இரண்டடிக்கு மூன்றடி மண்ணைத் தெரு நாய் வராதபடி அடைத்துவிடுங்கள். தோட்டத்தின் கடைசி மூலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே நடந்து போகப்போவது நாயோடு நீங்களும்தான்.

ஆள் வைப்பது, ட்ரெயினரிடம் விடுவது

காலையும் மாலையும் நாயை நடத்திப்போக ஆள் கிடைக்கிறார்கள். வளர்ந்த நாய்க்கு அருமையான ஏற்பாடு, இன்று மிளகுக்கு நானும் அப்படித்தான் ஒரு கல்லூரித் தம்பியை வைத்திருக்கிறேன். குட்டிக்குப் போதாது. பத்துத் தடவையில் இரண்டு தடவைக்குத்தான் அவர் இருப்பார்.

குட்டியை ஒரு மாதம் தன் இடத்தில் வைத்துப் பழக்கித் தருவதாக ஒரு ட்ரெயினர் சொன்னார். நான் விடவில்லை. அவர் இடத்தில், அவர் கதவுக்கு, அவர் எழுந்து நிற்கும் வேகத்துக்குப் பழகிய குட்டி என் வீட்டுக்கு வந்தால் மறுபடி முதலிலிருந்துதான். ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்குத் தானாகப் பொருத்திப் பார்க்க நாய்க்கு வராது. பணத்தைக் கொடுப்பதானால், வாரம் ஒரு தடவை உங்கள் வீட்டுக்கே வந்து, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்வதைத் திருத்தித் தருபவருக்குக் கொடுங்கள்.

குட்டிதான் வேண்டுமா?

இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் என்னைப் போன்ற ஒருவர் இன்று வந்து யோசனை கேட்டால் நான் முதலில் கேட்பது இதுதான். ஒன்றரை, இரண்டு வயது நாய் இரவு முழுக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் அடக்கும். காலுக்கிடையில் ஓடாது, கடித்துக் கிழிக்காது. அதன் உயரம், பலம், குணம் எல்லாம் முன்பே தெரியும். வாரை இழுத்து உங்களைத் தள்ளிவிடுமா என்று எடுப்பதற்கு முன்பே நடத்திப் பார்க்கலாம். இரண்டு மாத ராஜபாளையம் குட்டி கையில் அடங்கும், அது வளர்ந்து நிற்கும்போது ஊன்றுகோலில் இருக்கும் ஒருவரால் பிடிக்க முடியாது. 1959-ல் தொடங்கிய சென்னை ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் யாரும் கேட்டு வராத வளர்ந்த நாட்டு நாய்கள் நிறையக் காத்திருக்கின்றன. வீட்டுக்குள் பழகிய நாயாக இருந்தால் இரண்டு வாரத்தில் உங்கள் நேரத்துக்கு வந்துவிடும். தெருவிலேயே வளர்ந்த நாய்க்கும் பழக்க வேண்டியிருக்கும், ஆனால் அதற்கு அடக்கத் தெரியும், அதுவே பெரிய உதவி.

மிளகை நான் தேடிப் போய் எடுக்கவில்லை. மழையில் நனைந்து கிடந்தவளை வீட்டு வேலைக்கு வருபவர் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, "ஒரு நாள் மட்டும் வச்சிக்குங்கக்கா" என்று கொடுத்தார். அப்படி வந்துவிட்டால் அப்புறம் வேறு வழி ஏது.

எந்த முறையாக இருந்தாலும்

குட்டியை வீடு முழுக்க விடாதீர்கள். கம்பி வேலியால் அடைத்த நாலடிச் சதுரம், அதற்குள் படுக்கை ஒரு பக்கம், தட்டு மறு பக்கம். நீங்கள் எழ நாலு நிமிஷம் ஆனாலும் அவளுக்கு இரண்டே எட்டு. வேலியின் கதவு இடுப்பு உயரத்தில் திறக்கும்படி இருக்கட்டும், தாண்டிப் போக வேண்டிய வேலியை வாங்காதீர்கள். குட்டியின் வாரைத் தன் இடுப்பில் கட்டிக்கொள்வது நல்ல பழக்கம் என்று சிலர் சொல்வார்கள். நிலை தடுமாறுபவர்கள் அதைச் செய்யவே கூடாது. இடுப்பிலும் வேண்டாம், வாக்கரிலும் வேண்டாம், கட்டில் காலில் கட்டுங்கள். கழுத்தில் ஒரு சலங்கை போடுங்கள். காலடியில் குட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும், எழுந்து நடக்கிற நேரமும் காதில் விழும்.

போய் முடித்த இரண்டு மூன்று விநாடிக்குள் தின்பண்டம் கிடைத்தால்தான் எதற்குக் கிடைத்தது என்று குட்டிக்குப் புரியும். இதற்குத்தான் நான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. ஒன்றரை அங்குல பி.வி.சி. பைப்பை நாலடிக்கு வெட்டி வைத்துக்கொண்டேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஒரு முனையைத் தட்டின் ஓரத்தில் வைத்து, மேல் முனையில் இரண்டு உருண்டை நாய்த் தீவனத்தைப் போடுவேன். கடகடவென்று உருண்டு அவள் மூக்குக்கு முன்னால் போய் விழும். ஒரு வாரத்துக்குப் பிறகு, முடித்தவுடன் பைப்பின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவள் குந்தும்போதெல்லாம், கைக்குழந்தையைக் காலில் உட்கார வைத்து நம் அம்மாக்கள் சொல்வார்களே, அதே "ஸ்ஸ்ஸ்" சொன்னேன். மூன்று வாரத்தில் சத்தம் கேட்டால் தட்டுக்குப் போகத் தொடங்கினாள். இது புதிய வித்தை இல்லை, இங்கிலாந்தில் பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களை "பிஸி பிஸி" என்ற சொல்லுக்குப் பழக்குகிறார்கள். மனிதர் நின்ற இடத்தில் நிற்க, நாய் வாரின் எல்லைக்குள் சுற்றிவந்து இடம் பார்க்கிறது. நடமாட்டம் குறைந்த நமக்கு இதைவிடப் பொருத்தமான பழக்கம் இல்லை.

தவறிப் போன இடத்தைப் பினாயில் போட்டுத் துடைத்தால் வாசனை மறைவது நமக்குத்தான், குட்டியின் மூக்குக்கு அடியில் இருப்பது அப்படியே தெரியும். சிறுநீரின் வாடையையே சிதைத்துவிடும் என்சைம் க்ளீனர் நல்லது. ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம், சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்து நெஞ்சை எரிக்கும் வாயு கிளம்பும். திட்டுவதும், மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம். பயந்த குட்டி போவதை நிறுத்தாது, நம் கண் படாத இடத்துக்குப் போகும். சோபாவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் போனால் நம்மால் எட்டித் துடைக்கவே முடியாது. நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்த முறை என்று முடிவு செய்வதற்கு முன், குட்டி வருவதற்கு முந்தைய வாரம் ஒரு இரவு இதைச் செய்து பாருங்கள். பதினோரு மணிக்கும், இரண்டு மணிக்கும், ஐந்து மணிக்கும் அலாரம் வையுங்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்து, நீங்கள் தேர்ந்தெடுத்த இடம்வரை போய், ஐந்து நிமிஷம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்து படுங்கள். பகல் பத்து மணிக்கு, மருந்து வேலை செய்யும் நேரத்தில், எல்லா இடமும் பக்கத்தில்தான் இருக்கும். இரண்டு மணி அலாரத்துக்கு உங்களால் எங்கே போக முடிந்ததோ, அங்கே தட்டை வையுங்கள். எனக்கு அது கட்டிலிலிருந்து பதினான்கு அடி.